உப்புக்காற்றும் பழைய காரும்: துருவோடு பட்ட பாடு

மண்டபத்திலிருந்து:

என்னுடையது 1999 மாருதி 800. வீடு மண்டபத்தில், வேலை இராமேசுவரத்தில். ஞாயிறு தவிர எல்லா நாளும் பாம்பன் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். 2019இல் பதிவைப் புதுப்பிக்கும் நேரத்தில் கதவின் அடியில் மிளகளவு கொப்புளங்கள் தெரிந்தன. ஒரு பட்டறையில் தேய்த்து, பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பசை பூசி, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. இரண்டாவது வாடைக்காற்று முடிவதற்குள் அதே இடத்தில் மறுபடி கொப்புளம், இம்முறை புளியங்கொட்டை அளவில்.

கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. பட்டிக்குப் பின்னால் தகரமே இல்லை. சுருட்டித் திணித்த செய்தித்தாள்! அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு, சுற்றியிருந்த நல்ல தகரத்தையும் அரிக்க விட்டிருக்கிறது.

பிறகு இராமநாதபுரத்தில் கார் தகர வேலை பார்க்கும் வயதான டிங்கர் ஒருவரிடம் போனேன். அவர் பெயிண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவின் உட்புற அட்டையைக் கழற்றி, அடி விளிம்பைக் கம்பியால் குடைந்தார். ஒரு கொட்டாங்கச்சி நிறைய மணல் கொட்டியது. கண்ணாடியோரம் இறங்கும் மழைநீர் வெளியேற அங்கே சிறு துளைகள் உண்டு. கச்சான் காற்று அள்ளிவந்த மணல் அவற்றை அடைத்துவிட, உப்புநீர் உள்ளேயே தேங்கியிருக்கிறது. “தம்பி, இதற்கு மேல் பட்டி பூசினால் எனக்குத்தான் வருமானம்” என்றார்.

துருவைத் தாண்டி, தகரம் வெள்ளையாக மினுங்கும்வரை வெட்டினார். பேட்டரி இணைப்பைக் கழற்றி, சீட்டுகளை வெளியே வைத்த பிறகே வெல்டிங். ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் மெல்லிய தகரம் நெளிந்துவிடுமாம். இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு வைத்து ஆறவிட்டார். நான்கு நாள் பஸ்ஸில் போய்வந்தேன்.

பெயிண்டுக்கு அடியில் பூசும் பிரைமருக்கு முன் உப்புப் போகக் கழுவ வேண்டும், போர்வெல் தண்ணீர் ஆகாது என்று இரண்டு குடம் நல்ல தண்ணீர் கேட்டார். எங்கள் ஊரில் குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். “கதவுக்கு இரண்டு குடமா?” என்று வீட்டில் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பட்டி கடைசியில்தான், அதுவும் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற அளவுக்கு. எல்லாம் காய்ந்தபின் கதவின் உள்பக்கம் மெழுகுப் பூச்சு.

தொண்டியிலிருந்து:

உங்களுக்குக் கதவோடு போயிற்று. நான் டிக்கியில் நண்டுப் பெட்டி ஏற்றியவன். தெர்மாகோல் பெட்டிதானே, ஒழுகாது என்று நினைத்தேன். ஐஸ் உருகிய தண்ணீர் டிக்கி விரிப்புக்குக் கீழே இறங்கி, ஸ்டெப்னி வைக்கும் குழியில் இரண்டு வருடம் நின்றிருக்கிறது. வாடை அடித்தது நண்டு வாடை என்றே இருந்துவிட்டேன். தேவிபட்டினம் தாண்டும்போது பின்னால் பைக்கில் வந்தவர் கைகாட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பார்த்தால் ஸ்டெப்னி பாதி ரோட்டைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது. குழியை முழுதாக வெட்டிவிட்டுப் புதுத் தகரம் அடித்தோம். நண்டு இப்போது ஷேர் ஆட்டோவில் போகிறது.

மண்டபத்திலிருந்து:

மெழுகு பூசிய பிறகும் மாதம் ஒருமுறை துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுகிறேன். போன வாரமும் மணல் வந்தது.