டிஸ்னி வேர்ல்டில் சாப்பாட்டுச் செலவைக் குறைக்க வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். அத்தை சுத்த சைவம். டிக்கெட், ஓட்டல் எல்லாம் போட்டாயிற்று; இனி மிச்சம் பிடிக்க முடிந்தால் அது சாப்பாட்டில்தான்.

பார்க்குக்குள் வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாம் என்பது பெரிய நிம்மதி. கண்ணாடிப் பாட்டிலும் உதிரி ஐஸும் கூடாது, ஐஸ் பேக் வைக்கலாம். உள்ளே கவுன்டர் கடைகளில் கேட்டால் குடிதண்ணீர் இலவசம். குழந்தைகள் மெனு 9 வயது வரைதான்; எங்கள் பெரியவளுக்கு 10 ஆகிவிட்டது, டிக்கெட்டிலேயே அவள் பெரியவர் கணக்கு!

அறையில் சின்ன ஃப்ரிட்ஜ் உண்டு, அடுப்பு கிடையாது. காலையில் பால், சீரியல், வாழைப்பழம் போதும். மதியத்துக்குத்தான் யோசனை. வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல் எடுத்துப்போய், ஓட்டல் ஃபுட் கோர்ட் மைக்ரோவேவில் ரெடி ரைஸ் பாக்கெட்டைச் சூடாக்கிக் கிளறிக்கொள்ளலாமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? தயிர்சாதம் ஃப்ளோரிடா வெயிலில் மதியம் வரை புளிக்காமல் தாங்குமா?

அப்புறம், மிக்கியோடு உட்கார்ந்து சாப்பிடும் அந்த பஃபே. பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள். விலையைப் பார்த்தால் எனக்குப் பசியே போய்விடுகிறது. ஒருவேளைக்குப் போனால் காலையா, இரவா? அத்தைக்கு அங்கே சாப்பிட ஏதாவது கிடைக்குமா?