வீட்டிலிருந்து வேலை செய்ய விண்ணப்பிக்க ஆலோசனை தேவை
அனைவருக்கும் வணக்கம். பக்கவாதத்திற்குப் பின் வீட்டிலிருக்கும் என் மாமியாருக்கு மதிய உணவும் மருந்தும் நேரத்தோடு கொடுக்க வேண்டியிருப்பதால், வாரத்தில் சில நாள்கள் வீட்டிலிருந்தே பணிபுரிய அனுமதி கேட்க எண்ணியிருக்கிறேன். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள்) வழிகாட்டுதல்களின்படி, முறையாக விண்ணப்பித்தால் நிறுவனம் இரண்டு மாதத்திற்குள் எழுத்துமூலம் பதிலளிக்க வேண்டும். ஆனால் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை.

உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரையிலான ரயில் பயண நேரம் மிச்சமாகும். எனினும் எங்கள் மூவறை வீட்டில் சாப்பாட்டு மேசைதான் அலுவலக மேசை. மேல்மாடியில் புதுப்பிப்புப் பணிக்காகச் சுவரைத் துளைத்தால் இணையவழிக் கூட்டத்தில் பேசவே முடியாது. அதைவிட, புதிதாகச் சேர்ந்த இளையர்கள் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக் கற்பது நின்றுவிடுமோ என்பதே என் பெரும் கவலை.

அனுமதி பெற்றவர்கள், காரணத்தை எவ்வளவு விரிவாக எழுதினீர்கள், பணி பாதிக்கப்படாது என்பதை எப்படி விளக்கினீர்கள் என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.