ஏணிக்கு ஒரு சின்ன யோசனை: பேட்டன்ட் கிடைக்குமா?

ஏணிப்படி:
மேடுபள்ளமான தரையில் ஏணி ஆடாமல் நிற்க, ஒரு கால் தானாகவே நீண்டு தரையைத் தொட வேண்டும். காலுக்குள் இன்னொரு குழாய், அதைக் கீழே தள்ள ஒரு ஸ்பிரிங், ஆள் ஏறியதும் பிடித்துக்கொள்ள ராட்செட் பல் (ஒரு திசையில் மட்டும் நகரவிடும் பல்). காகிதத்தில் படம் மட்டும்தான் இருக்கிறது. இவ்வளவு எளிமையான விஷயத்துக்குக் காப்புரிமை தருவார்களா? மாதிரி செய்துகாட்ட வேண்டுமா?

கீல்:
எளிமை ஒரு தடையே இல்லை. 1849-ல் வால்டர் ஹன்ட் ஊக்குக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே கம்பி, ஒரு முனையில் சுருள், மறுமுனையில் முள்ளை மூடும் கொக்கி, அவ்வளவுதான்.

"கால் தானாக நீள வேண்டும்" என்பது வெறும் விருப்பம், அதற்கு எங்கேயும் உரிமை கிடைக்காது. அது எப்படி நீள்கிறது, எது பூட்டுகிறது என்பதற்குத்தான் கிடைக்கும். மாதிரி பொதுவாகக் கேட்பதில்லை. ஆனால் விண்ணப்பத்தைப் படித்தே அந்தத் தொழில் தெரிந்தவர் செய்துவிட முடிய வேண்டும். பல்லின் கோணம், ஸ்பிரிங்கின் விசை, ஏணியைத் தூக்கியதும் பூட்டு எப்படி விடுபடுகிறது, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள்.

கோடும்_அளவும்:
புதிதாக இருந்தால் மட்டும் போதாது. பென்சில் நுனியில் ரப்பர் வைத்ததற்கு 1858-ல் ஹைமன் லிப்மன் காப்புரிமை பெற்றார். 1875-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பென்சில் எப்போதும்போல எழுதுகிறது, ரப்பர் எப்போதும்போல அழிக்கிறது, இரண்டும் சேர்ந்ததால் புதிய விளைவு எதுவும் பிறக்கவில்லை என்பதே காரணம்.

உங்கள் குழாய், ஸ்பிரிங், ராட்செட் மூன்றுமே பழையவை. ஏறுபவரின் எடையே பூட்டை இறுக்குகிறது என்றால் உங்கள் பலம் அங்கேதான், அதை முன்னால் வையுங்கள். முதலில் எஸ்பாஸ்நெட்டில், அதாவது ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடல் தளத்தில், ஏணிகளுக்கான ஈ06சி (E06C) என்ற காப்புரிமை வகுப்பில் தேடுங்கள். "ஏணிக் கால்" என்று சொல்லை வைத்து மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும், ஏனெனில் பலர் "உயரம் சரிசெய்யும் தாங்கி" என்று எழுதியிருப்பார்கள். காலாவதியான காப்புரிமைகளையும் பாருங்கள், அவையும் உங்கள் புதுமையைக் கெடுக்கும்.

ஏணிப்படி:
நன்றி. அதற்குள் ஒரு வீடியோ போட்டு நாலு பேரிடம் கருத்துக் கேட்கலாமா?

கீல்:
தயவுசெய்து வேண்டாம். அமெரிக்காவில் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவிலோ வீடியோ வெளியான நாளே புதுமை போய்விடும். யாரிடமாவது காட்டியே ஆக வேண்டுமென்றால் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுக் காட்டுங்கள்.

முதல் விண்ணப்பம் போட்டதிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளிலோ பிசிடி (பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போட உதவும் சர்வதேச ஒப்பந்தம்) வழியாகவோ விண்ணப்பிக்கலாம். பிசிடியில் போனால் பெரும்பாலான நாடுகளில் நுழைய அதே முதல் தேதியிலிருந்து 30 மாதம் கிடைக்கும். ஆனால் முதல் விண்ணப்பத்தில் இல்லாத அம்சத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. ஒரு பக்கத்தில் அவசரமாக எழுதிப் போடுபவர்கள் மாட்டுவது இங்கேதான்.

கோடும்_அளவும்:
உரிமைகோரலில், அதாவது எதற்குக் காப்பு வேண்டும் என்று விண்ணப்பத்தில் சொல்லும் பகுதியில், முதலிலேயே "எஃகு ஸ்பிரிங்" என்று எழுதிவிடாதீர்கள். அதில் சொன்ன ஒவ்வொரு அம்சமும் போட்டியாளரின் ஏணியில் இருந்தால்தான் மீறல். அவர் ரப்பர் கட்டை வைத்துத் தப்பிவிடுவார். முதல் கோரலில் "உள்குழாயைக் கீழ்நோக்கித் தள்ளும் மீள்தன்மையுள்ள உறுப்பு" என்று எழுதுங்கள், எஃகு ஸ்பிரிங்கைச் சார்புக் கோரலில் (முதல் கோரலோடு கூடுதல் அம்சம் சேர்க்கும் கோரலில்) வையுங்கள்.