சென்னை – லண்டன் முழுசா ஓட்ட எந்த ஆட்-ஆன்? கீழக்கரையில கரண்ட், உப்புக்காத்து ரெண்டையும் கணக்குல வச்சு சொல்லுங்க

கீழக்கரை_விங்ஸ்

அண்ணன்மாருக்கு வணக்கம். எம்எஸ்எஃப்எஸ் 2020-ல (மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், கணினியில விமானம் ஓட்டுற சிம்) இதுவரைக்கும் ஏ320 மட்டும்தான். இனி பத்து மணி நேரம் போற அகல விமானம் ஒண்ணு வேணும். காசு ஒரே ஒரு ஆட்-ஆனுக்குத்தான் (சிம்ல தனியா சேர்க்கிற விமானம்) இருக்கு.

கணினி: ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ரேம் 16 ஜிபி, எஸ்எஸ்டி. ஜாய்ஸ்டிக் லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ.

இலவச ஏ380எக்ஸ் போட்டுப் பார்த்தாச்சு. லண்டனுக்கு இறங்க ஆரம்பிக்கும்போது சிம் அப்படியே மூடிருது. கரண்ட் ஒரு நொடி கண் சிமிட்டினாலும் ஏழு மணி நேரம் போச்சு. நண்பர் வீட்டுல பிஎம்டிஜி கம்பெனியோட 777-ல அதே ரூட் போனா, பிளான்ல இருக்கிறதை விட 4 டன் எரிபொருள் குறைவா போய்ச் சேருது. எதை வாங்குறது, எதைச் சரி பண்றது?

பாம்பன்_ஹெவி

தம்பி, முதல்ல ரேம். 16 ஜிபியில நெடுந்தூரம் வேண்டாம். 16 ஜிபி குச்சி ரெண்டு, ஒரே செட்டா வாங்கிப் போடுங்க. பேஜ்ஃபைலை (ரேம் பத்தாதப்ப எஸ்எஸ்டியில எடுத்துக்கிற இடம்) விண்டோஸ் பொறுப்புல விட்டுட்டு, அது இருக்கிற எஸ்எஸ்டியில 40 ஜிபியாவது காலியா வைங்க.

லண்டன்ல மூடுறதுக்குக் காரணம் விமானம் மட்டும் இல்ல. பத்து மணி நேரமா மெமரி மெல்ல நிரம்பிட்டே வந்திருக்கும். அது மேல லண்டன் நகரத்து ஃபோட்டோகிராமெட்ரி (நிஜப் படங்கள்ல இருந்து கட்டின 3டி நகரம்), ஹீத்ரோ சீனரி, ஏஐ டிராஃபிக் (சிம் தானா ஓட்டுற மத்த விமானங்கள்) மூணும் ஒரே கால் மணி நேரத்துல வந்து ஏறுது. இறங்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே ஃபோட்டோகிராமெட்ரியை அணைச்சிருங்க. டிராஃபிக்கை அடியோட குறைங்க. டெரைன் எல்ஓடி (தரை எவ்வளவு நுணுக்கமா தெரியணும்ங்கிற செட்டிங்) 100-க்கு மேல வேண்டாம். உங்க கார்டுல 12 ஜிபி இருக்கிறதால டெக்ஸ்சரை ஹை-யில விடலாம், அல்ட்ரா வேண்டாம்.

இனி எதை வாங்குறதுன்னு. பிஎம்டிஜி 777-300ஈஆர் 2024 ஜூன்ல வந்தது. எம்எஸ்எஃப்எஸ்-ல போயிங் நெடுந்தூரம்னா என் ஓட்டு அதுக்குத்தான். எலக்ட்ரிக்கல், ஹைட்ராலிக், எஃப்எம்சி (ரூட், எரிபொருள் கணக்கு பார்க்கிற விமானக் கணினி) மூணும் ஒண்ணோட ஒண்ணு பேசும். ஒரு பம்பை அணைச்சா அதோட விளைவு எங்கெங்க தெரியணுமோ அங்கெல்லாம் தெரியும். ஐனிபில்ட்ஸ் ஏ350 2025 பிப்ரவரியில வந்தது. ஏர்பஸ்ல பழகின கைக்கு உடனே பிடிபடும். ஏ380எக்ஸ் இலவசம்னாலும் கணினியை நல்லா வாட்டும், 16 ஜிபியில அதை எடை போடுறது நியாயமில்ல.

ஆனா உங்க கேள்வியில கரண்டும் இருக்கே. அந்த இடத்துல எக்ஸ்-பிளேன் 12-ங்கிற இன்னொரு சிம்ல வர்ற டோலிஸ் கம்பெனியோட ஏ340-600, ஏ330-900 ரெண்டும் மத்ததை விட ஒரு படி மேல. டோலிஸ் விமானத்தோட மொத்த நிலையையும் சேமிக்கும்: எஃப்எம்எஸ்-ங்கிற விமானக் கணினியில இருக்கிற ரூட், எரிபொருள், ஆட்டோபைலட் மோடு எல்லாம். குறிப்பிட்ட இடைவெளியில தானாவே சேமிக்கவும் வைக்கலாம். கரண்ட் போய் வந்தா விட்ட இடத்துல இருந்து பறக்கலாம். எம்எஸ்எஃப்எஸ்-ல சேமிச்ச ஃபிளைட்டைத் திரும்ப ஏத்தினா விமானம் வானத்துல இருக்கும், ஆனா இந்த மாதிரி நுணுக்கமான ஆட்-ஆனோட உள் நிலை பெரும்பாலும் பழையபடி வராது.

மண்டபம்_மின்சாரம்

சிம்மை மாத்துறதுக்கு முன்னாடி கரண்டைச் சரி பண்ணுங்க தம்பி. கணினியோட பவர் சப்ளை, கரண்ட் நின்னா முழு லோடுல 16 மில்லிசெகண்ட் பக்கம்தான் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டர் ஈகோ மோடுல இருந்தா மாறுறதுக்கு அதை விட அதிக நேரம் எடுக்கும், கணினி ரீஸ்டார்ட் ஆயிரும். பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதை யூபிஎஸ் மோடுல தள்ளுங்க. பல பேர் வீட்டுல அது வாங்கின நாள்ல இருந்து ஈகோவுலயே கிடக்கும்.

அடுத்தது இன்வெர்ட்டர் தர்ற கரண்டோட அலை வடிவம். இப்ப வர்ற நல்ல பவர் சப்ளை எல்லாத்துலயும் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீரா இழுக்கிற சர்க்யூட்) இருக்கு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல அது ரீங்காரம் போடும், லோடு ஏறினா ட்ரிப் ஆகும். ப்யூர் சைன் வேவ்தான் வேணும். உங்க செட்டப் திரையோட சேர்த்து 350 வாட் பக்கம் இழுக்கும். 900 விஏ ப்யூர் சைன் இன்வெர்ட்டர், 150 ஏஎச் பேட்டரின்னா, பேட்டரி புதுசா இருக்கிற வரைக்கும் மூணு மணி நேரம் தாராளம். அதே லைன்ல ஃபிரிட்ஜ் இருக்கக்கூடாது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் அதே லைன்ல இருக்கணும். நெட் போனா எம்எஸ்எஃப்எஸ் நிக்காது, ஆனா தரை மங்கிரும், லைவ் வானிலையும் நின்னுரும்.

உப்புக்காத்து விஷயம். எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோவுல முன்பின், இடவல அசைவுக்கு ஆப்டிகல் சென்சார், அது நிக்கும். திருகுற அச்சும் த்ராட்டிலும் பொட்டென்ஷியோமீட்டர், அதாவது கார்பன் தடத்துல உரசி மதிப்பு காட்டுறது. கடலோரத்துல அந்தக் கார்பன் தடம் சீக்கிரம் அழுக்காகி மதிப்பு குதிக்கும். ஓடுபாதையில விமானம் தானா ஒரு பக்கம் இழுக்குதுன்னா அதைத்தான் முதல்ல பாருங்க. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு பத்து இருபது தடவை முழுசா திருப்புங்க, சிம்ல 8 சதவீதம் டெட்சோன் (சின்ன அசைவைக் கண்டுக்காத இடைவெளி) வைங்க. 777-ன்னா காக்பிட்ல இருக்கிற டேப்லெட் செட்டிங்ஸ்ல ஆட்டோத்ராட்டில் ஓவர்ரைடை (தானா ஓடுற த்ராட்டிலை உங்க கை மீறுறது) ஹோல்ட் மோடுல மட்டும்னு மாத்துங்க. இல்லன்னா த்ராட்டில் நடுக்கம் வழியெல்லாம் ஆட்டோத்ராட்டிலோட மல்லுக்கட்டும்.

யூஎஸ்பி முனையில பச்சை பூத்திருந்தா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைங்க. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல கடல் பக்கத்து ஜன்னலை மூடி வச்சே ஓட்டுங்க. விண்டோஸ் பவர் செட்டிங்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் அணைச்சிருங்க. நீங்க தொடாம விட்ட நேரத்துல ஜாய்ஸ்டிக் தூங்கி, எழும்பும்போது த்ராட்டில் எகிறும்.

கீழக்கரை_விங்ஸ்

ரொம்ப நன்றிண்ணே. ஸ்விட்ச் ஈகோவுலதான் இருக்கு, இப்பவே மாத்துறேன். அந்த 4 டன் எங்க போகுது? மதுரையில இருந்தே கிளம்பலாமான்னும் சொல்லுங்க.

தொண்டி_டிஸ்பாட்ச்

மதுரை ஓடுபாதை சுமார் 2,300 மீட்டர். லண்டனுக்கு நிரப்பின 777-300ஈஆருக்குப் பத்தாது. உச்சிப்புளியில இருக்கிறது கடற்படைத் தளம், அங்க பேச்சே இல்ல. சென்னை 07/25 சுமார் 3,650 மீட்டர், கொழும்பு கட்டுநாயக்க 3,350 மீட்டர். கடலோரமா ஏறணும்னா கொழும்பு நல்லா இருக்கும். மே மாசம் சென்னையில 38 டிகிரி அடிக்கும்போது அஸ்யூம்டு டெம்பரேச்சரை (த்ரஸ்ட்டைக் குறைக்க எஃப்எம்சிக்குக் கொடுக்கிற கற்பனை வெப்பநிலை) அதுக்கு மேலதான் வைக்க முடியும், த்ரஸ்ட்டைக் குறைக்க இடம் கொஞ்சம்தான் கிடைக்கும்.

இப்ப 4 டன். சென்னை – லண்டனுக்கு 777-300ஈஆர் சுமார் 80 டன் குடிக்கும். அதுல 5 சதவீதம் கன்டின்ஜென்சி (எதிர்பாராததுக்கு வைக்கிற கூடுதல் எரிபொருள்) வச்சா சரியா 4 டன். ஆக உங்க கன்டின்ஜென்சி முழுசும் வழியிலேயே தீர்ந்திருக்கு. அது நாலு இடத்துல போகும்.

பெரிசு உயரம்தான். 310 டன்ல கிளம்பினா முதல்ல எஃப்எல் 320 (32,000 அடி) பக்கம் போய் நிப்பீங்க. எடை குறையக் குறைய ஆப்டிமம் உயரம் (எரிபொருள் குறைவா குடிக்கிற உயரம்) ஏறிட்டே போகும். நீங்க 320-லயே கிடந்தா கடைசி மணி நேரங்கள்ல 4,000 அடிக்கு மேல கீழ இருப்பீங்க. 4,000 அடி கீழ இருந்தா எரிபொருள் 3 முதல் 5 சதவீதம் கூடும். மேற்கே போறப்ப இரட்டைப்படை லெவல்: 320, 340, 360, 380. எஃப்எம்சியோட லெக்ஸ் பக்கத்துல பிளான் சொல்ற வேபாயிண்டுக்கு (வழிப்புள்ளிக்கு) வலது பக்கம் /340எஸ்-னு அடிச்சா எஃப்எம்சி அந்தப் படியைக் கணக்குல சேர்க்கும். ஆனா தானா ஏறாது. இடம் வந்ததும் எம்சிபியில (ஆட்டோபைலட் பலகையில) 34000 வச்சு ஆல்டிட்யூட் குமிழை நீங்கதான் அழுத்தணும். ஏறுறதுக்கு முன்னாடி எஃப்எம்சியில விஎன்ஏவி (ஏறி இறங்குறதைப் பார்த்துக்கிற மோடு) க்ரூஸ் பக்கத்துல மேக்ஸ் உயரத்தைப் பாருங்க.

ரெண்டாவது காஸ்ட் இண்டெக்ஸ் (நேரமா எரிபொருளான்னு பார்த்து வேகத்தை முடிவு பண்ற எண்). பிளான் போடுற சிம்ப்ரீஃப்ல ஒரு எண், எஃப்எம்சியில வேற எண்ணுன்னா வேகம் மாறி எரிபொருள் மாறும். மூணாவது பழைய பிளான். காலையில போட்ட பிளானை ராத்திரி லைவ் வானிலையில ஓட்டினா எதிர்காத்து வேற. குளிர்காலத்துல ஈரான், துருக்கி மேல மேற்குக் காத்து 100 நாட் வேகத்தைத் தாண்டும், அதுல சின்ன வித்தியாசமே ஒண்ணு ரெண்டு டன் தின்னும். நாலாவது, கேட்ல ஏபியூ (வால்ல இருக்கிற துணை இன்ஜின்) போட்டுட்டு ஒரு மணி நேரம் செட்டப் பண்றது.

காத்தை எஃப்எம்சியில ஏத்துறதால எரிபொருள் மிச்சமாகாது. எஃப்எம்சி காட்டுற மீதி கணக்கு உண்மையாகும், அதுக்காகத்தான் ஏத்தணும். வழியில ரெண்டு மணிக்கு ஒரு தடவை பிளான்ல அந்த வேபாயிண்டுல இருக்க வேண்டிய எரிபொருளையும் டேங்க்ல இருக்கிறதையும் எழுதி ஒப்பிடுங்க. வித்தியாசம் எங்க தொடங்குதோ அங்க காரணம் இருக்கும்.

இன்னும் ரெண்டு: சிம்ப்ரீஃபும் டேப்லெட்டும் ஒரே அலகுல இருக்கணும், கிலோவா பவுண்டா. எஃப்எம்சியில இசட்எஃப்டபிள்யூ (எரிபொருள் சேர்க்காத எடை) வரியில மொத்த எடையை அடிச்சிராதீங்க, விரெஃப் (தரையிறங்குற வேகம்) தப்பா வரும். நாட் இன் டேட்டாபேஸ்னு வந்தா பிளானோட ஏஐஆர்ஏசி (வான்வழித் தரவு) சுழற்சியும் விமானத்தோடதும் ஒத்துப்போகல. அது 28 நாளுக்கு ஒரு தடவை மாறும், ரெண்டு பக்கமும் ஒரே சுழற்சி இருக்கட்டும்.

பாம்பன்_ஹெவி

தொண்டி அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். நேரத்தை வேகப்படுத்தி ஓட்டினா 4 மடங்குக்கு மேல போகாதீங்க. திருப்பம், படி ஏறுறது, காத்து மாறுற இடம் எல்லாத்துக்கும் முன்னாடி 1-க்கு வந்திருங்க. 8-ல விட்டா எல்என்ஏவி (ரூட்டைப் பிடிச்சுப் போற மோடு) பாம்பு மாதிரி நெளியும், அந்த நெளிவும் எரிபொருள்தான். இறங்குறதுக்கு முன்னாடி எம்சிபியில கீழ் உயரத்தை வைக்க மறந்தா விஎன்ஏவி இறங்காம அப்படியே போகும், ரீசெட் எம்சிபி ஆல்ட்னு மட்டும் காட்டும். இறங்க ஆரம்பிக்கிற புள்ளியில சிம் தானா நிக்கிற வசதி இருந்தா அதைப் போட்டு வைங்க.

இன்வெர்ட்டரை மாத்தி ரெண்டு வாரம் பாருங்க. ரீஸ்டார்ட் ஒரு தடவை கூட வரலைன்னா 777. அப்பவும் வந்தா எக்ஸ்-பிளேன் டெமோவை இறக்கி உங்க கணினியில ஓடுதான்னு பார்த்துட்டு டோலிஸ் ஏ330-900 வாங்குங்க.