கோபால்ட் சேர்வை வளர்ப்பு ஊடகத்தில் கலங்குகிறது, உதவி தேவை

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஆய்வு மாணவி நான். கோபால்ட்(III) சிக்கல் சேர்வை ஒன்றைத் தயாரித்திருக்கிறேன்: இரண்டு பினாந்த்ரோலின், ஒரு டோடெசைலமீன், ஒரு குளோரைடு, மின்னேற்றத்தைச் சமன் செய்யும் எதிர் அயன் பேர்குளோரேட். டோடெசைலமீனின் நீண்ட கார்பன் வால் இருப்பதால் சர்ஃபாக்டன்ட் (சவர்க்காரம் போன்ற பரப்புச் செயலி) போலவே நடக்கிறது.

மூன்று வாரமாக ஒரே சிக்கல். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் தெளிவாகக் கரைவது, கலங்களை (செல்களை) வளர்க்கும் நீர்ம ஊடகத்தில் 50 மைக்ரோமோலரைத் தாண்டினால் அரை மணிக்குள் கலங்கிவிடுகிறது. அப்புறம் உயிருள்ள கலங்களை நிறத்தால் அளக்கும் எம்டிடி சோதனையில் 570 நானோமீற்றர் ஒளி அளவீட்டை எப்படி நம்புவது? கலங்கள் மார்பகப் புற்றுநோய் எம்சிஎஃப்-7.

ஊடகத்தை 37 பாகைக்குச் சூடாக்கினேன், மீயொலியில் வைத்தேன், சீரத்தைக் குறைத்தேன். பலனில்லை. டிஎம்எஸ்ஓவை 0.5 வீதத்துக்கு மேல் கூட்ட மனமில்லை, அதுவே கலங்களைப் பாதிக்கும். தனி டோடெசைலமீனும் கலங்களைக் கொன்றது. உலோகத்தின் வேலையா, வால் சவ்வைக் கிழித்ததா என்று பிரித்துக் காட்டாமல் இதைப் புற்றுநோய் எதிர்ப்பு என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அதற்குத்தான் தெளிந்த கரைசல் வேண்டும்.

பேர்குளோரேட்டைக் குளோரைடாக மாற்றினால் நீரில் நன்றாகக் கரையும் என்று நினைக்கிறேன்; ஆனால் அதற்கான அயன் பரிமாற்றப் பிசின் இங்கே கைவசம் இல்லை. பேர்குளோரேட் வெடிக்கக்கூடியது, சூடாக்கவும் முடியாது. அசற்றோனில் டெட்ராபியூட்டைல் அமோனியம் குளோரைடு சேர்த்து, இப்படிப்பட்ட சேர்வையைக் குளோரைடு உப்பாக வீழ்படிய வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?