எஃபெமராவுக்குத் தமிழில் என்ன? பழைய சென்னை நோட்டீஸ்களை முன்வைத்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நோட்டீஸ், டிக்கெட் போல அப்போதைய தேவை முடிந்ததும் தூக்கி எறியப்படும் சிறு தாள்களை ஆங்கிலத்தில் எஃபெமரா என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு நமக்கு ஒரு தமிழ்ச் சொல் உடனே தேவைப்படுகிறது. எனக்குத் தேவை ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சிறிய நூலகத்துக்காகப் பழைய தாள்களைப் பட்டியலிட்டுக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் 1890 முதல் 1930 வரையிலான சென்னைப் பட்டணத்துக் காகிதங்கள்: நாடக நோட்டீஸ், பயாஸ்கோப் (அந்தக் கால சினிமா) நோட்டீஸ், நுழைவுச்சீட்டு, கடை விலைப்பட்டி, மருந்துப் புட்டியில் ஒட்டிய லேபிள். எங்கள் பட்டியலில் 'வகை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நூல், இதழ், கடிதம், படம் என்று நான்கு வகையும், கடைசியாக 'இதர'வும் இருக்கின்றன. என் பெட்டியில் முக்கால்வாசி இந்த 'இதர'வில்தான் போய் விழுகிறது. 'இதர' என்று போட்ட பொருளை நாளை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பெயர் இல்லாததால் காணாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

இவை சாதாரணத் தாள்கள் அல்ல. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாடகம் நடத்த விக்டோரியா பப்ளிக் ஹால் இருந்தது. வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை. கன்னையா நாடகக் கம்பெனியின் தசாவதாரம் ஊரெல்லாம் பேச்சானது. 1913-ல் மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டர் வந்தது. அந்தக் கட்டடம் இன்றும் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலக வளாகத்தில் தபால்தலை விற்கும் இடமாக நிற்கிறது. மறு ஆண்டே ரகுபதி வெங்கையா கெயிட்டியைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவருக்குச் சொந்தமான முதல் சினிமாக் கொட்டகை அதுதான். இத்தனை இடங்களுக்கும் ஆளைச் சேர்த்தது வண்டியில் மேளம் கொட்டிக்கொண்டு போய் வீசிய காகிதம். நாற்காலி, பெஞ்சு, தரை என்று கட்டண விவரம், பெண்களுக்குத் தனி இடம் உண்டு என்ற அறிவிப்பு, பாத்திரப் பட்டியல் எல்லாம் அந்த ஒரே தாளில் அடங்கிவிடும். கீழ் ஓரத்தில் ஒரு தையற்கடையோ மூக்குப்பொடிக் கடையோ இடம்பிடித்திருக்கும்.

இந்தக் கீழ் ஓரம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கேளிக்கையும் கடைத்தெருவும் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது அங்கே தெரிகிறது. அச்சுக் கூலியில் ஒரு பங்கைக் கடைக்காரர் கொடுப்பார். பதிலுக்கு அவர் கடைப்பெயர் ராஜபார்ட்டின் (கதாநாயக நடிகரின்) பெயரோடு வீடு வீடாகப் போகும். பம்பாயிலும் இதே உறவைக் காணலாம். 1893-ல் அங்கே அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், இசைக் கச்சேரிக்கு வந்தவர்களுக்குத் தைலத்தை இலவசமாகக் கொடுத்தே அதைப் பரப்பினார்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

'துண்டுப் பிரசுரம்', 'துண்டறிக்கை' இரண்டும் ஏற்கெனவே உள்ளன. ஆனால் அவை ஒரே ஒரு வகைத் தாளைக் குறிப்பவை. நுழைவுச்சீட்டைத் துண்டறிக்கை என்று சொல்ல முடியாது. நமக்கு வேண்டியது இந்த வகைகள் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் ஒரு பொதுச்சொல். 'குறுங்கால அச்சு' என்று முன்பு ஒரு நண்பர் எழுதினார். பொருள் சரிதான், ஆனால் சொல்லில் உயிர் இல்லை. 'ஈசல் தாள்' என்று இன்னொருவர் சொன்னார். அழகாக இருக்கிறது. கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேல், 'ஹெமெரா' என்றால் நாள். ஒரு நாளே வாழ்வது என்பது மூலப்பொருள். ஈசலும் அப்படித்தான். இருந்தாலும் பட்டியல் கட்டத்தில் ஈசல் என்று பார்ப்பவர் அது பூச்சியியல் என்று நினைத்துவிடுவார்.

என் முன்மொழிவு 'உதிரியச்சு'. உதிரிப்பூ மாலையாகக் கட்டப்படாதது. அதுபோல இது நூலாகக் கட்டப்படாத அச்சு. உதிர்ந்துவிடுவது என்ற சாயலும் உண்டு. உங்கள் கருத்து வேண்டும்.

அன்புடன்.

*

மறுமொழி:

தங்கைக்கு வணக்கம். நான் அச்சகத்தில் கம்பாசிட்டராக, அதாவது அச்செழுத்துக் கோப்பவனாக இருந்தவன். உங்கள் மடலைப் படித்ததும் கை பரபரத்தது. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, 'உதிரி' ஒத்துவராது. சுவடிகளைப் பட்டியலிடுவோர் கட்டிலிருந்து கழன்றுபோன ஓலையை 'உதிரி ஏடு' என்பார்கள். அது முழுமையிலிருந்து பிரிந்த பகுதி. நோட்டீஸ் எதிலிருந்தும் பிரிந்ததல்ல. ஒரே தாளாக இருந்தாலும் அது முழுசு. பிறக்கும்போதே தனியாகப் பிறந்தது. அதைக் கழன்றது என்று சொன்னால் அதை அச்சுக்கோத்தவனுக்கு மனசு ஒப்பாது.

இரண்டாவது, நீங்கள் சொன்ன கீழ் ஓரம். அதற்குப் புதிதாகச் சொல் தேட வேண்டாம். இன்றும் திருவிழா நோட்டீஸின் அடியில் 'உபயம்' என்று போட்டு ஒரு கடைப்பெயர் வருகிறதே, அதுதான் அதன் பெயர். எங்கள் காலத்தில் நிரந்தரமாக வரும் கடைகளின் விளம்பரத்துக்குக் கோத்த அச்செழுத்துகளைக் கலைக்காமல் நூல் சுற்றிக் கட்டி வைத்திருப்போம். நாடகம் மாறும், தேதி மாறும், மேல் பாதியைப் புதிதாகக் கோத்துக் கட்டிய பாதியை அப்படியே கீழே இறக்குவோம். அந்த எழுத்துகள் தேய்ந்துகொண்டே வரும். இரண்டு நோட்டீஸில் ஒரே விளம்பரம் இருந்தால் எதில் எழுத்து அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். அதுதான் பிந்தியது.

கடைசியாக ஒரு கேள்வி. இடைவேளையில் திரையில் காட்டும் கண்ணாடி சிலைடு விளம்பரத்தை எங்கே வைப்பீர்கள்?

*

ஐயா,

உங்கள் மடலை மூன்று தடவை படித்தேன். 'உதிரியச்சு'வை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முழுசாகப் பிறந்ததைக் கழன்றது என்று சொல்வது தவறுதான்.

எழுத்துத் தேய்மானம் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் பெரிய உதவி. ஏனென்றால் இந்தத் தாள்களில் ஆண்டு இருப்பதே இல்லை. 'சனிக்கிழமை இரவு' என்று கிழமையும் தேதியும் இருக்கும், அவ்வளவுதான். அன்று வரப்போகிறவருக்கு ஆண்டு எதற்கு? கிழமையையும் தேதியையும் பொருத்திப் பார்த்தால் அதே பொருத்தம் 5 அல்லது 6 ஆண்டில் திரும்ப வந்துவிடும், சில நேரம் 11 ஆண்டில். கெயிட்டி என்ற பெயர் இருந்தால் 1914-க்கு முந்தியதல்ல என்று ஒரு பக்கம் வேலி கட்டலாம். தமிழ் வருஷப் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். 'ஆனந்த வருஷம் புரட்டாசி' என்று கண்டால் அது 1914, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைமேல் குண்டு வீசிய அதே மாதம். ஊரே பயந்து கிடந்த நாட்களில் எந்த நாடகம் நடக்க இருந்தது என்று அந்தத் தாள்தான் சொல்லும்.

அச்சகத்தின் பெயரும் உதவுகிறது. 1867-ன் அச்சுச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரையும் இடத்தையும் தாளில் போட வேண்டியிருந்தது. அதே சட்டத்தால்தான் குஜிலிக் கடையில் (மலிவுப் பதிப்புகள் விற்ற சென்னைக் கடைத்தெருவில்) காலணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகம்கூட அரசின் நூற்பட்டியலில் ஏறியது. நோட்டீஸ் நூல் அல்ல என்பதால் ஏறவில்லை. அன்றைய அரசு கணக்கில் எடுக்காததை இன்று நாமும் 'இதர' என்று தள்ளினால் எப்படி? குஜிலி நூல்களுக்கு 'முச்சந்தி இலக்கியம்' என்ற பெயரை வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி பரப்பிய பிறகுதான் பலர் அவற்றைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெயருக்கு அவ்வளவு வலு உண்டு.

நேற்று இரவு தோன்றிய சொல் இது: 'அற்றைத்தாள்'.

'இற்றை' என்றால் இன்று. அதிலிருந்து 'இற்றைப்படுத்து' என்று கணினியில் புழங்கும் சொல்லை உருவாக்கினார்கள். தொடக்கத்தில் முகம் சுளித்தவர்கள்கூட இன்று இயல்பாக எழுதுகிறார்கள். அதன் உடன்பிறப்பு 'அற்றை', அந்த நாள். பாரி மகளிரின் 'அற்றைத் திங்கள்' பள்ளிக்கூடத்திலேயே நம் காதில் விழுந்ததுதான். நிலவு அன்றும் இன்றும் இருக்க, இருந்த நாள் மட்டும் போய்விட்டது என்ற ஏக்கம் அந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறது. நோட்டீஸும் அந்த ஒரு நாளுக்காகப் பிறந்து, நாள் போன பிறகும் தங்கிவிட்ட தாள். சிறியது, மலிவானது, கழிந்தது என்ற இழிவு எதுவும் இந்தச் சொல்லில் இல்லை. கிரேக்க மூலத்துக்கும் நெருக்கமாக இருக்கிறது.

நாளிதழோடு குழம்பாதா என்று கேட்பார்கள். குழம்பாது என்று நினைக்கிறேன். நாளிதழ் தினம் தினம் வருவது, தொடர்ச்சி உடையது. அற்றைத்தாளுக்கு மறுநாள் இல்லை. பன்மையில் 'அற்றைத்தாள்கள்', சேர்ந்தால் 'அற்றைத்தாள் தொகுப்பு'. நாக்கு எங்கும் இடறவில்லை. 'அற்றையச்சு' என்றும் எழுதிப் பார்த்தேன். ஆனால் கையால் எழுதிய விலைச்சீட்டும் பெட்டியில் இருக்கிறது, அது அச்சல்ல. தாள் என்பதே பொருத்தம்.

உங்கள் சிலைடு கேள்விக்கு நேர்மையான பதில்: அது தாளல்ல, இந்தச் சொல்லுக்குள் நுழையாது. கண்ணாடியைத் தாள் என்று இழுத்துப் பிடித்தால் சொல் கிழிந்துவிடும். எங்கள் பட்டியலில் அதைப் படம் என்ற வகையில் வைத்து, குறிப்பில் 'இடைவேளை விளம்பரம்' என்று எழுதுகிறேன். உள்வகைகளுக்கு மக்கள் வாயில் இருக்கும் சொற்களையே வைத்துக்கொள்வோம்: நோட்டீஸ், சுவரொட்டி, டிக்கெட், லேபிள். நோட்டீஸை 'அறிவிக்கை' என்று மாற்ற எனக்கு மனமில்லை. அதை வீசியவரும் பொறுக்கியவரும் நோட்டீஸ் என்றுதான் சொன்னார்கள்.

'உபயம்' என்று ஒரு தனிக் கட்டம் இன்று காலையே சேர்த்துவிட்டேன், ஐயா. முதலில் ஏறியது ஒரு மூக்குப்பொடிக் கடை. அதே கடை வேறு இரண்டு நோட்டீஸின் அடியிலும் இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துத் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். படம் எடுத்து அனுப்புகிறேன், உங்கள் கண்ணுக்குத்தான் சரியாகத் தெரியும்.

அற்றைத்தாளுக்கு மறுப்பு உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று 'இதர'வை அழித்துவிட்டு இதை ஏற்றப் போகிறேன்.