நிறமோதலா, நிறமயக்கமா? ஸ்பெக்ட்ரம் திரைக்கு ஒரு சொல் தேடிய இழை

கயல் எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம். திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய நூல் ஒன்று ஒரே சொல்லால் நிற்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கான கணினி வரலாறு அது. 1982 வாக்கில் பிரிட்டன் வீடுகளில் இடம்பிடிக்கப் போட்டியிட்ட மூன்று பெட்டிகளை ஓர் அத்தியாயம் ஒப்பிடுகிறது: சின்கிளேரின் ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64, ஏகார்ன் செய்த பி.பி.சி. மைக்ரோ. விலை, நினைவகம், சில்லு எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்பெக்ட்ரம் பகுதியில் வரும் 'அட்ரிபியூட் கிளாஷ்' மட்டும் பாக்கி. பச்சை மரத்தின் முன்னால் சிவப்பு மனிதன் நடந்தால் மரத்திலும் சதுரம் சதுரமாகச் சிவப்பு ஏறும். அந்தக் குறையின் பெயர். 'பண்பு மோதல்' என்று எழுதினேன். அது நன்னெறிப் பாடத்தில் வரவேண்டிய சொல் என்று பதிப்பாசிரியர் சிரிக்கிறார்.

நிரலன் எழுதியது:

சிரித்ததில் தப்பில்லை. அங்கே 'அட்ரிபியூட்' என்பது நிறத்தைக் குறிக்கும் ஒரு பைட்டு, அவ்வளவுதான். ஸ்பெக்ட்ரம் திரை 256க்கு 192 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு பிட்டு வீதம் 6144 பைட்டு. இதில் உருவம் மட்டும் இருக்கும், நிறம் இருக்காது. நிறத்துக்காகத் திரையை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்தார்கள். மொத்தம் 768 கட்டம், கட்டத்துக்கு ஒரு பைட்டு. அந்தப் பைட்டில் எழுத்தின் நிறத்துக்கு மூன்று பிட்டு, தாளின் நிறத்துக்கு மூன்று பிட்டு, பளிச்சென்று காட்ட ஒன்று, மினுக்க ஒன்று. மூன்றாவது நிறம் அந்தக் கட்டத்துக்குள் நுழைய வழியே இல்லை. கடைசியாக எழுதியவன் வைத்ததே நிறம்.

ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று மாணவன் கேட்பான். 125 பவுண்டு பெட்டியில் மொத்த நினைவகமே 16 கே, அதாவது 16,384 பைட்டு. புள்ளிக்குப் புள்ளி எட்டு நிறம் கொடுக்க 18,432 பைட்டு வேண்டும். இருப்பதைவிட அது அதிகம். கட்டம் கட்டியதால் 6912 பைட்டில் வண்ணத் திரை கிடைத்தது. 'நிறமோதல்' என்று போட்டுவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

புலவர் எழுதியது:

அன்புடையீர், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம். திணைமயக்கம் படித்தவர்களுக்கு இது புதுப் பொருளா? ஒரு நிலத்துக்குரியது இன்னொரு நிலத்தில் வந்து நிற்பது மயக்கம். மெய்யோடு மெய் வந்து நிற்பது மெய்ம்மயக்கம். கட்டத்தில் அயல் நிறம் வந்து நிற்பது நிறமயக்கம். 'உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே' என்கிறது தொல்காப்பியம். பாட்டின் உணர்வாகிய உரி மயங்காது, நிலத்துக்குரிய மரம், விலங்கு போன்ற கரு மயங்கலாம் என்பது கருத்து. நிரலன் சொன்னதை இதனோடு வைத்துப் பாருங்கள். இசுபெக்திரம் திரையில் உருவம் மயங்கவில்லை, புள்ளிக்குப் புள்ளி கூர்மையாகவே நிற்கிறது. நிறம் மட்டுமே மயங்குகிறது. உருவத்தை உரியாகவும் நிறத்தைக் கருவாகவும் கொள்ளலாம்.

நிரலன் எழுதியது:

புலவர் ஐயா, இந்தப் பொருத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை, ரசித்தேன். ஆனால் பத்தாம் வகுப்பு மாணவனுக்கு மயக்கம் என்றால் காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்று கீழே விழுவது. 'நிறமயக்கம்' என்றால் நிறக்குருடு என்றும் நினைப்பான். பொருள்வகையிலும் ஓர் உறுத்தல் இருக்கிறது. மயக்கம் என்பது கலப்பு. இங்கே கலப்பே இல்லை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சளாகவில்லை. பச்சை போய்ச் சிவப்பு வந்தது. (ஸ்பெக்ட்ரத்தை 'இசுபெக்திரம்' என்று எழுதுவதைப் பற்றி இன்னொரு இழையில் சண்டை போட்டுக்கொள்வோம்.)

புலவர் எழுதியது:

மயங்குதல் கலத்தல் மட்டுமன்று. இடம் மாறி நிற்றலும் மயங்குதலே. வேற்றுமை மயக்கத்தில் ஓர் உருபு இருக்க வேண்டிய இடத்தில் இன்னோர் உருபு நிற்கிறது. அங்கே எதுவும் எதனோடும் கலக்கவில்லை. மாணவனுக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்லைக் கைவிட்டால், பிறகு அவனுக்கு எப்போதுதான் தெரியும்?

தேம்ஸ்கரையான் எழுதியது:

நான் எண்பதுகளில் இலண்டனில் வளர்ந்த யாழ்ப்பாணத்தான். பள்ளிக்கூடத்தில் பி.பி.சி., எங்கள் வீட்டில் ரப்பர் விசைகளோடு ஸ்பெக்ரம், வசதியான நண்பன் வீட்டில் கொமடோர். எது உயர்ந்தது என்று மதிய இடைவேளையில் நடந்த வாக்குவாதத்துக்கு முன்னால் இந்த இழை ஒன்றுமேயில்லை. கொமடோர்க்காரன் கையிலெடுக்கும் முதல் ஆயுதம் இந்தக் குறைதான்.

'நிறமோதல்' என்று அவசரப்பட வேண்டாம். அதே அத்தியாயத்தில் கொமடோரின் திரையை வரையும் வீ.ஐ.சி. 2 சில்லு பற்றி எழுதியிருப்பீர்கள். 24க்கு 21 புள்ளி அளவில் எட்டு ஸ்பிரைட்டுகளை, அதாவது நகரும் சிறு உருவங்களை, திரைமேல் அது தனியாக மிதக்கவிடும். ஒரு ஸ்பிரைட் மற்றொன்றைத் தொட்டால் அதைப் பதிவுசெய்யச் சில்லுக்குள் ரெஜிஸ்டர் என்ற தனிச் சிறு நினைவிடமும் உண்டு. குண்டு விமானத்தில் பட்டதை நிரல் அப்படித்தான் அறியும். அதற்கும் 'மோதல்' என்றுதானே எழுதுவீர்கள்? ஒரே பக்கத்தில் ஒரு பெட்டிக்கு மோதல் பெருமை, அடுத்த பெட்டிக்கு மோதல் இழுக்கு. பிள்ளைகள் குழம்புவார்கள்.

கயல் எழுதியது:

ஐயோ, ஆமாம். 'மோதல் உணர்தல்' என்று அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறது.

திருப்பூரான் எழுதியது:

இவ்வளவு படித்தவர்கள் இருக்கும் இடத்தில் வாய்திறக்கக் கூச்சமாக இருக்கிறது. புதுச் சிவப்புத் துணியையும் வெள்ளைச் சட்டையையும் ஒன்றாக ஊறப்போட்டால் என்ன ஆகும்? சட்டையில் சாயம் ஒட்டும். எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொல். 'சாய ஒட்டு' என்று வையுங்களேன்.

சொல்லாயன் எழுதியது:

சாயம் என்றதும் உட்கார்ந்து எழுதவேண்டியதாயிற்று. சங்க இலக்கியத்தில் 'சாய்' என்பது கோரை. பச்சைக் கோரையால் செய்த பொம்மையான பைஞ்சாய்ப் பாவை நினைவிருக்கும். கோரையைக் கிழித்துச் சாயத்தில் நனைத்துப் பாய் முடைவது இன்றும் பத்தமடையில் நடக்கிறது. நிறமேற்றிய முதல் பொருள் சாய் என்பதால் ஏற்றிய நிறம் சாயம் ஆயிற்று என்பது என் துணிபு. 'சாயல்' என்பதையும் இதனோடு சேர்க்கலாம்.

ஆனால் இதைவிட நல்ல சொல் ஒன்று இருக்கிறது: 'நிறத்தீட்டு'. ஓவியம் தீட்டுவது தீட்டு. தீண்டியதால் வருவதும் தீட்டு. தூரிகை தாளைத் தீண்டுவதே தீட்டுதல் என்று கொண்டால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஓர் உருவம் தீண்டியதால் கட்டத்தின் நிறம் கெடுகிறது. வேறு எந்த மொழிக்கு இந்த வாய்ப்பு உண்டு?

விழுப்புரம் ஆசிரியை எழுதியது:

வாய்ப்பு இருக்கலாம். என் வகுப்பறைக்கு வேண்டாம். 'தீட்டு' என்ற சொல்லைப் பிள்ளைகள் எங்கெங்கே யார் வாயிலிருந்து கேட்டு வளர்கிறார்கள் என்பது இந்தக் குழுமத்தில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர்க் குடத்தைத் தொட்டதற்கும் மாதவிலக்குக்கும் சொல்லப்பட்ட சொல்லைக் கணிப்பொறித் திரைக்குக் கொண்டுவந்து, தொட்டதால் கெட்டது என்று நானே பலகையில் எழுதி விளக்க வேண்டுமா?

சொல்லாயன் எழுதியது:

வேர்ச்சொல்லுக்குச் சாதி ஏது, அம்மா? சமூகம் கறைப்படுத்திய சொல்லை மீட்டெடுப்பதும் நம் பணிதான்.

விழுப்புரம் ஆசிரியை எழுதியது:

மீட்டெடுங்கள். உங்கள் கட்டுரையில் மீட்டெடுங்கள். பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளின் பாடநூலில் வேண்டாம்.

மட்டுறுத்துநர்:

இந்தக் கிளை இத்துடன் நிற்கட்டும். 'நிறத்தீட்டு' பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. கயல் கேட்ட கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

நிரலன் எழுதியது:

சாயக் கோரையைப் பற்றி ஒரே வரி: கோரைக்குச் சாயம் ஏற்றினார்கள் என்பதால் சாயம் கோரையிலிருந்து வந்தது என்றால், பட்டுக்கும்தான் ஏற்றினார்கள். போகட்டும்.

'சாய ஒட்டு' எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே தயக்கம்: துணியில் ஒட்டிய சாயம் போகாது. ஸ்பெக்ட்ரத்தில் மனிதன் நகர்ந்ததும் நிரல் பழைய பைட்டைத் திரும்ப எழுதினால் மரம் மறுபடி பச்சையாகிவிடும்.

புலவர் எழுதியது:

அதனால்தான் மயக்கம் என்றேன். மயங்கியவன் தெளிவான்.

தேம்ஸ்கரையான் எழுதியது:

தமிழில் இதற்குச் சொல் ஏன் பிறக்கவில்லை என்பதற்கு எளிய காரணம் உண்டு. பள்ளிகளில் கணினி கற்பிக்க 1984இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்குப் போனது பி.பி.சி. மைக்ரோ. அதில் இந்தக் குறை இல்லை. அதன் இரண்டாம் திரைமுறையில் 160க்கு 256 புள்ளி, ஒவ்வொன்றுக்கும் தனி நிறம். ஆனால் திரை மட்டுமே 20 கே தின்னும், பெட்டியில் இருப்பதோ 32 கே. 399 பவுண்டு கொடுத்தவனுக்கு அழகான திரை கிடைத்தது, நிரல் எழுத இடம் கிடைக்கவில்லை. ஸ்பெக்ரம் 48 கே பெட்டி 175 பவுண்டு. எந்தத் தந்தை எதை வாங்கினார் என்று சொல்லவும் வேண்டுமா? குறையோடு வாழப் பழகிய நிரலாளர் பலர் ஆடுகளத்தையே இருநிறமாக்கினார்கள். எங்களுக்கு அதுவே தனி அழகாகத் தெரிந்தது.

இதில் இன்னொரு சுவை: ஏகார்னைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ் கரி முன்பு சின்கிளேரிடம் வேலை பார்த்தவர். இரண்டு நிறுவனமும் கேம்பிரிட்ஜில்தான் இருந்தன. பி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனத்தின் பெயரில் கணினி செய்யும் ஒப்பந்தத்துக்குச் சின்கிளேரும் முயன்று தோற்றார்.

சொல்லாயன் எழுதியது:

பங்காளிச் சண்டை! அப்படியானால் 'நிறப்பிணக்கு' என்று வைக்கலாமே?

விழுப்புரம் ஆசிரியை எழுதியது:

பிணக்கு என்றால் ஊடல் என்று எடுத்துக்கொள்வார்கள். வகுப்பு அன்றைக்கு முடிந்தது. 'அட்ரிபியூட் கிளாஷ்' என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு ஒரு வரி விளக்கம் கொடுத்தால் என்ன? 'கடிசொல் இல்லை காலத்துப் படினே' என்பதும் தொல்காப்பியம்தானே, புலவர் ஐயா?

புலவர் எழுதியது:

காலத்தில் வந்து படிந்த சொல்லைத் தள்ளாதே என்றார் அவர். இது இன்னும் தமிழில் படியவே இல்லை, வாசலில் நிற்கிறது.

கயல் எழுதியது:

நண்பர்களே, இன்றிரவு அனுப்பியாக வேண்டும். வந்த மடல்களை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அட்டவணையிலும் தலைப்பிலும் 'நிறமோதல்'. கொமடோர் ஸ்பிரைட்டுகளுக்கு 'உருமோதல்' என்று மாற்றிவிட்டேன், குழப்பம் ஓரளவு தீரும். விளக்கப் பத்தியில் 'பக்கத்து உருவத்தின் சாயம் ஒட்டியதுபோல' என்று திருப்பூர்க்காரரின் வழக்கு வருகிறது.

தேம்ஸ்கரையான் எழுதியது:

சரி. ஆனால் எதுவும் எதனோடும் மோதவில்லை என்பதே இப்போதும் என் கருத்து.

நிரலன் எழுதியது:

சொல்லை விடுங்கள். அட்டவணையில் கொமடோர் 64க்கு நேரே நிறமோதல் 'இல்லை' என்று இருக்கிறதே, அது தவறு. அதன் 320க்கு 200 புள்ளித் திரையிலும் எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்கு இரண்டு நிறம்தான். நகரும் உருவங்களை ஸ்பிரைட்டாகத் தனி அடுக்கில் வைப்பதால் குறை கண்ணில் படுவதில்லை. கொமடோர்க்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

கயல் எழுதியது:

'உண்டு, ஆனால் ஸ்பிரைட்டுகளால் மறைகிறது' என்று திருத்திவிட்டேன். நன்றி.

புலவர் எழுதியது:

அடிக்குறிப்பில் 'நிறமயக்கம் எனினும் அமையும்' என்று ஒரு வரி சேர்க்க இயலுமா?

கயல் எழுதியது:

அந்தப் பக்கத்தில் இடமில்லை, ஐயா. கலைச்சொல் பட்டியலில் சேர்க்கக் கேட்டுப் பார்க்கிறேன்.